மருந்து வலையிலேயே உட்கார்ந்து ஓய்வெடுக்கும் கொசு: இனி எந்த வலையை நம்புவது?

ஈசூன்காரன் | வெள்ளி, இரவு 10.42

அடுத்த மாதம் தான்சானியாவின் மவான்சாவுக்குப் போகிறேன். விக்டோரியா ஏரிக்கரை ஊர், கொசுவால் மலேரியா பரவும் இடம். மீன் பதப்படுத்தும் ஆலையில் குளிர்பதன வேலை, இரண்டு வருட ஒப்பந்தம். எனக்கு முன்னால் அங்கே இருந்த மதுரைக்காரர் நேற்று தொலைபேசியில் சொன்னது: "தம்பி, வலை கட்டாம படுக்காதீங்க. ஆனா விடிஞ்சு பார்த்தா வலைக்கு வெளிப்பக்கம் நாலு கொசு சொகுசா உட்கார்ந்திருக்கும். மருந்து போட்ட வலைதான், அதுகளுக்கு அது மெத்தை."

நான் சிங்கப்பூரில் வீவக அடுக்குமாடி வீட்டில் பிறந்து வளர்ந்தவன். தேசிய சேவையில் காட்டுப் பயிற்சிக்குப் போனபோது வலைக்குள் படுத்ததோடு சரி. போன வாரம் இங்கே ஒரு பயணப்பொருள் கடையில் 38 வெள்ளி கொடுத்து ஒரு வலை வாங்கினேன். 'மருந்து ஏற்றப்பட்டது' என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கிறது. என்ன மருந்து, எவ்வளவு என்று எங்குமே இல்லை. கடைக்காரரைக் கேட்டால் "அதே மருந்துதான், எல்லாம் ஒண்ணுதான்" என்கிறார்.

எல்லாம் ஒன்றுதானா? மருந்துக்கு அடங்காத கொசுவுக்குப் புது வலை ஏதும் வந்திருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேக்கா_மணி | வெள்ளி, இரவு 11.05

38 வெள்ளியா! அந்தக் காசுக்குத் தேக்காவில் நாலு வலை வாங்கி, ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டிப் படுத்திருக்கலாம். கொசு வழி தெரியாமலே செத்திருக்கும்.

கூம்புக்காரி | சனி, காலை 7.20

எல்லாம் ஒன்றில்லை தம்பி. மேற்கு ஆப்பிரிக்காவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வலைகளைச் சோதிக்கும் வேலையில் இரண்டு வருடம் இருந்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சாதாரண மருந்து வலை என்றால் அதில் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின், ஆல்ஃபா சைபர்மெத்ரின், இந்த மூன்றில் ஒன்று. மூலம் ஒரு வகைச் சாமந்திப் பூ. அந்தப் பூவின் சாற்றில் இருந்ததைப் பார்த்து, வெயிலில் சீக்கிரம் சிதையாத மாதிரி ஆய்வுக்கூடத்தில் செய்துகொண்டார்கள். நம் வீட்டில் ஏற்றும் கொசுவர்த்திச் சுருளும் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். கொசுவுக்கு நஞ்சு, மனிதனுக்கு அந்த அளவில் பெரிய கெடுதல் இல்லை, பட்டவுடன் விழும். இத்தனையும் ஒரே மருந்தில் அமைவது அபூர்வம். அதனால் பல வருடங்களுக்கு வலையில் இதைத் தவிர வேறு எதுவும் போடவில்லை.

பலனைக் குறைத்துச் சொல்ல முடியாது. 2000 முதல் 2015 வரை ஆப்பிரிக்காவில் எல்லா நடவடிக்கைகளும் சேர்ந்து தடுத்த மலேரியா 66 கோடிச் சம்பவங்களுக்கு மேல் என்று கணக்கிட்டார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு வலையால் வந்தது.

ஆனால் கண்டம் முழுக்க ஒரே மருந்து. பருத்தி வயலிலும் காய்கறித் தோட்டத்திலும் தெளிப்பது அதே வகை. கொசுவுக்குப் பாடம் படிக்க வேறென்ன வேண்டும்?

சோதனை எப்படி நடக்கும் என்று சொன்னால் மதுரைக்காரர் பார்த்தது புரியும். வலையிலிருந்து ஒரு துண்டு வெட்டி, அதன்மேல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கூம்பைக் கவிழ்த்து வைப்போம். உறிஞ்சு குழாயால் ஐந்து பெண் கொசுக்களை இழுத்து உள்ளே விடவேண்டும். வாயால்தான் உறிஞ்சுவோம். நடுவில் சல்லடைத் துணி இருந்தாலும் சாயங்காலம் தொண்டையில் கொசுச் செதில் கரகரக்கும். மூன்று நிமிடம் வலைமேல் இருக்க விட்டு, காகிதக் குவளைக்கு மாற்றி, சர்க்கரைத் தண்ணீர் நனைத்த பஞ்சு வைத்துவிடுவோம். ஒரு மணி நேரம் கழித்து எத்தனை விழுந்தன, 24 மணி நேரம் கழித்து எத்தனை செத்தன என்று எண்ணவேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் வளர்த்த, மருந்துக்குப் பழகாத பழைய கிசுமு வகைக் கொசு என்றால் ஒரு மணிக்குள் குவளையின் அடியில் மல்லாந்து கிடக்கும். வெளியே கிராமத்திலிருந்து பிடித்து வந்த புழுவை வளர்த்து எடுத்த கொசுவும் விழும். ஆனால் மறுநாள் காலை குவளையைத் திறந்தால் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும், ஒரு கால் குறைந்தாலும் பறக்கும். முதல் தடவை நான்தான் குவளையை மாற்றி வைத்துவிட்டேனோ என்று பயந்துபோனேன்.

புக்கிட்பாத்தோக்_பாபு | சனி, காலை 9.48

அப்படியென்றால் மருந்தை இரண்டு மடங்கு ஏற்றவேண்டியதுதானே? எங்கள் புளோக்கில் டெங்கி வந்தபோது புகை அடித்தார்கள், மறுநாள் மறுபடி அடித்தார்கள். வலுவாக அடித்தால் எதுவும் சாகும். இதற்கு இவ்வளவு ஆராய்ச்சியா?

கூம்புக்காரி | சனி, காலை 11.30

பாபு சார், அதையும் செய்து பார்த்தாகிவிட்டது. வழக்கமான அளவுக்கு ஐந்து மடங்கு, பத்து மடங்கு வைத்துச் சோதிப்பது இன்று நடைமுறையிலேயே இருக்கிறது. பத்து மடங்கிலும் தப்பிக்கும் கொசுக்கள் உள்ள ஊர்கள் உண்டு. அந்த வலைக்குள் கைக்குழந்தை படுக்கவேண்டும் என்பதை மறந்துவிடக்கூடாது. புது வலையைப் பிரித்தவுடனேயே சிலருக்கு முகம் குறுகுறுக்கும், தும்மல் வரும். இன்னும் பத்து மடங்கு ஏற்றினால் மனிதன்தான் வலையை விட்டு ஓடுவான்.

டெங்கி பரப்பும் நம் ஊர் ஏடிஸ் கொசுவிலேயே பைரித்ராய்டுக்கு அடங்காத தன்மை பதிவாகியிருக்கிறது. புகை மட்டும் போதும் என்றால் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா ஏற்றிய கொசுவை வளர்த்து விடும் வேலையை 2016இலிருந்து எதற்கு நடத்துகிறார்கள்?

கொசு தப்பிக்கிற வழி ஒன்றில்லை. பைரித்ராய்டு நரம்பில் சோடியம் போய்வரும் வாசலைத் திறந்தபடியே பிடித்துக்கொள்ளும். நரம்பு ஓயாமல் துடித்துக் கொசு விழும். சில கொசுக்களில் அந்த வாசல் புரதத்தின் 1014ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிப்போயிருக்கிறது. மருந்துக்குப் பிடி கிடைக்காது. டிடிடி என்ற பழைய பூச்சிமருந்துக்கும் அதே வாசல்தான் இலக்கு என்பதால், டிடிடி காலத்திலேயே இந்த மாற்றம் கொசுக்களிடம் கொஞ்சம் தலைகாட்டியிருந்தது. சில கொசுக்களுக்குக் காலின் மேல்தோல் தடித்துவிட்டது. காலிலேயே மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஒரு புரதத்தை 2020இல் கண்டுபிடித்தார்கள். எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை பி450 என்ற நொதிக் கூட்டம். உள்ளே வந்த மருந்தை வெட்டிச் சிதைத்துக் கழித்துவிடும்.

வலையில் முதல் திருத்தம் இந்த நொதியைக் குறிவைத்துத்தான் வந்தது. பைப்பெரோனில் பியூட்டாக்சைடு, சுருக்கமாகப் பிபிஓ. தனியாக அது கொசுவைக் கொல்வதில்லை. நொதியின் வாயை அடைத்துவிடும், பிறகு பைரித்ராய்டு தன் வேலையைப் பார்க்கும்.

இதன் பூர்வீகம் நம்மவர்களுக்குப் பிடிக்கும். 1940வாக்கில் சாமந்திச் சாற்றோடு நல்லெண்ணெய் கலந்தால் அதன் வீரியம் கூடுகிறது என்று கவனித்தார்கள். எள்ளில் இருக்கும் செசமின் என்ற பொருள்தான் காரணம். அதே வேதி வளையத்தை வைத்துச் செய்ததுதான் பிபிஓ.

தேக்கா_மணி | சனி, காலை 11.41

அக்கா, அப்போ என் பாட்டி சனிக்கிழமை தலையில் வைத்த எண்ணெயும் ஒரு தொழில்நுட்பம்தானா?

கூம்புக்காரி | சனி, காலை 11.52

வலையில் நல்லெண்ணெய் தடவிவிடாதீர்கள், எறும்புதான் வரும்.

ஈசூன்காரன் | சனி, மதியம் 2.15

அக்கா, நன்றி. அப்படியானால் நான் தேட வேண்டியது பிபிஓ வலையா? மவான்சாவில் அது வேலை செய்யுமா?

கூம்புக்காரி | சனி, இரவு 9.03

நீங்கள் போகிற ஊர்ப் பக்கத்தில்தான் இரண்டு பெரிய சோதனைகள் நடந்தன. உங்களுக்கு அதிர்ஷ்டம்.

ஏரிக்கு மேற்குக் கரையில் முலேபா. அங்கே பிபிஓ வலையையும் சாதாரண வலையையும் வெவ்வேறு கிராமங்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் வருடத்தில் பிபிஓ வலைக் கிராமங்களின் குழந்தைகளிடம் தொற்று 44 விழுக்காடு குறைவு. அந்த முடிவு கைக்கு வந்ததும் 2017இல் உலகச் சுகாதார நிறுவனம் பிபிஓ வலைக்கு நிபந்தனையோடு பச்சைக்கொடி காட்டியது. குறை என்னவென்றால் பிபிஓ துவைக்கத் துவைக்கப் போய்விடும். வலை மூன்று வருடம் உழைக்கவேண்டும் என்பது கணக்கு. மண் தரை வீட்டில் கயிற்றுக் கட்டிலில் கட்டிய வலைக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

இன்னொரு சோதனை மிசுங்குவியில், மவான்சாவுக்குத் தெற்கே. 2022இல் முடிவு வந்தது. அங்கே ஜெயித்தது குளோர்ஃபெனாபிர் சேர்த்த வலை. சாதாரண வலையோடு ஒப்பிட்டால் இரண்டு வருடத்தில் குழந்தைகளுக்கு மலேரியா 44 விழுக்காடு குறைந்தது. பெனினில் நடந்த சோதனையில் 46. 2023 மார்ச்சில் உலகச் சுகாதார நிறுவனம் இந்த வகை வலையை உறுதியாகவே பரிந்துரைத்தது. கொசுவை மலடாக்கும் பைரிப்ராக்சிஃபென் சேர்த்த வலையும் மிசுங்குவியில் ஓடியது. அதற்கு அவ்வளவு நல்ல பேர் கிடைக்கவில்லை.

குளோர்ஃபெனாபிர் மேல் எனக்குத் தனிப் பிரியம். காரணம் சொல்கிறேன். அது வலையில் இருக்கும்போது பெரிய நஞ்சே இல்லை. கொசுவின் உடம்புக்குள் போனதும், பைரித்ராய்டை வெட்டிப் போடுகிற அதே பி450 நொதி இதையும் வெட்டும். வெட்டுப்பட்ட துண்டுதான் நஞ்சு! திருடனைப் பிடிக்க வைத்த நாய், சொந்தக்காரனையே கடித்த கதை.

அந்தத் துண்டு நரம்பைத் தொடாது. செல்லுக்குள் சக்தி தயாராகும் இடத்தைக் கெடுக்கும். ஈசூன்காரன் பொறியாளர், ஓர் அணையை நினைத்துக்கொள்ளட்டும். சுழலிக்குப் போகவேண்டிய தண்ணீர் கரை ஓட்டை வழியாகச் சும்மா ஓடினால் மின்சாரம் எங்கிருந்து வரும்? கொசு சக்தி தீர்ந்து மெல்ல அடங்கும்.

'மெல்ல' என்பதால் எங்கள் கூம்புச் சோதனை இதற்கு உதவவில்லை. பகலில், மூன்று நிமிடம், சும்மா உட்கார்ந்திருக்கிற கொசு. அதன் நொதி முழுவேகத்தில் ஓடுவதே இல்லை. 24 மணி நேரத்தில் எண்ணினால் பாதி உயிரோடு இருக்கும், வலை தோற்றது என்று எழுதிவிடுவோம். ராத்திரியில், ரத்தம் தேடிப் பறக்கிற கொசுவை வைத்துச் சோதித்து, 72 மணி நேரம் காத்திருந்து எண்ணினால்தான் உண்மை தெரியும். நல்ல மருந்து ஒன்றை நம் அளவுகோலே தள்ளிவிட்டிருக்கும்.

தோட்டத்துப்பேரன் | ஞாயிறு, காலை 6.55

எல்லாம் சரி. ஆனால் ஒன்று கேட்கிறேன். சிங்கப்பூர் மலேரியாவை ஒழித்தது வலையாலா? 1982இல் உலகச் சுகாதார நிறுவனம் இந்த நாட்டை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. அதற்குப் பின்னால் இருந்தது கால்வாய்.

என் தாத்தா ஜொகூரில் ரப்பர் மரம் சீவியவர். குளிர்காய்ச்சல் வந்தால் கிராணி (தோட்டக் கணக்கர்) வரிசையில் நிற்க வைத்து வாயைத் திறக்கச் சொல்லி கொயினா என்ற கசப்பு மலேரியா மருந்தைப் போடுவாராம். விழுங்கினாயா என்று நாக்கைத் தூக்கிக் காட்டவேண்டும். கசப்பை நினைத்து அறுபது வயதிலும் அவருக்கு முகம் சுருங்கும். அந்தத் தோட்டங்களில் நம் சனம் கொத்துக் கொத்தாகச் செத்தது எத்தனை பேருக்குத் தெரியும்?

மால்கம் வாட்சன் என்ற வெள்ளைக்கார மருத்துவர் 1901இல் கிள்ளானில் சதுப்பை வடித்துக் காய்ச்சலை அடக்கினார். அதே முறையை மலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனபோது தலைகீழாகிவிட்டது. கடலோரச் சமவெளியில் காட்டை வெட்டினால் நிழல் விரும்பும் கொசு ஒழிந்தது. மலையில் வெட்டினால், வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடும் மாகுலாட்டஸ் என்ற கொசு பெருகியது. அப்புறம்தான் ஓடையை மண்ணுக்கடியில் குழாய் பதித்து ஓட விட்டார்கள். எந்தக் கொசு, எந்தத் தண்ணீர் என்று பார்த்துச் செய்த வேலை அது. மருந்துக்குக் கொசு பழகும், குழாய்க்கு எப்படிப் பழகும்?

புக்கிட்பாத்தோக்_பாபு | ஞாயிறு, காலை 8.10

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். (சொல்லவில்லை, ஆனாலும்.)

கூம்புக்காரி | ஞாயிறு, மதியம் 12.40

தோட்டத்துப்பேரன் ஐயா, உங்கள் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள்: எந்தக் கொசு, எந்தத் தண்ணீர். ஆப்பிரிக்காவில் மலேரியா பரப்பும் கொசுக்களில் முதல் குற்றவாளி காம்பியே என்ற இனம். மழை பெய்த மறுநாள் மாட்டுக் குளம்படியில் தேங்கிய தண்ணீர் போதும் அதற்கு. ஒரு மாவட்டத்தில் எத்தனை குளம்படியை மூடுவீர்கள்? இரண்டாவது ஃபுனெஸ்டஸ். புல் பூண்டு அடர்ந்த, வற்றாத நீர் அதற்கு வீடு, ஏரிக்கரை முழுக்க அதுதான். 2023இல் உலகம் முழுவதும் மலேரியாவில் இறந்தவர்கள் 5,97,000 பேர், பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். கால்வாய் வெட்டி முடிக்கும் வரை அந்தக் குழந்தை எதற்குள் படுக்கும்?

நகரத்தில் பரவும் ஸ்டீபன்சை என்ற கொசு விஷயத்தில் உங்கள் கட்சிதான் நானும். சென்னை மொட்டைமாடித் தொட்டியிலும் கிணற்றிலும் வளர்கிற அதே கொசு, 2012இல் கிழக்கு ஆப்பிரிக்க நாடான ஜிபூட்டியில் தென்பட்டது. அதற்குத் தொட்டியை மூடுவதே மருந்து.

தோட்டத்துப்பேரன் | ஞாயிறு, மாலை 5.22

குளம்படி விஷயம் எனக்குத் தெரியாது. ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் வலை கொடுப்பது சுலபம், படம் எடுத்துக்கொள்ளலாம். கால்வாய்க்கு முன்னால் யார் நின்று படம் எடுப்பார்கள்? அந்த வருத்தம் எனக்குப் போகாது.

மாத்திரை_டப்பா | ஞாயிறு, இரவு 8.47

நான் மருந்தகத்தில் வேலை செய்பவள். வேறு ஒரு பாதையும் இருக்கிறது, யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்.

கொசுவைக் கொல்லவே வேண்டாம், அதன் வயிற்றில் இருக்கும் மலேரியா ஒட்டுண்ணியைக் கொன்றால் போதும் என்று ஹார்வர்டில் ஒரு குழு கிளம்பியிருக்கிறது. 2019இல் அட்டோவாகோன் தடவிய பரப்பில் கொசுவைச் சில நிமிடம் உட்கார வைத்தார்கள். கால் வழியாக மருந்து ஏறி, உள்ளே ஒட்டுண்ணி வளரவில்லை. ஈசூன்காரன் தம்பி, பயணத்துக்கு மருத்துவர் உங்களுக்கு எழுதிக்கொடுக்கக்கூடிய மாத்திரைகளில் ஒன்றில் இருப்பதும் அதே அட்டோவாகோன்தான்.

அங்கேதான் சிக்கலும். மனிதனுக்குக் கொடுக்கும் மருந்தையே வலையிலும் போட்டால், ஒட்டுண்ணி வலையில் பழகிவிட்டு வந்து மாத்திரைக்கும் அடங்காமல் போகலாம். அதனால் 2025இல் அதே குழு, மனிதருக்கு இன்று கொடுக்காத குவினோலோன் சேர்மங்கள் இரண்டைத் தேர்ந்தெடுத்து வெளியிட்டது. மருந்துக்கு அடங்காத கொசுவின் உடம்பிலும் அவை ஒட்டுண்ணியை அழிக்கின்றன.

எனக்கு இதில் பிடித்தது ஒன்று. கொசு சாகாததால், மருந்துக்குத் தப்பித்த கொசு மட்டும் பெருகும் நெருக்கடி இல்லை. ஆனால் கடைக்கு வரும் பொருளாக இன்னும் ஆகவில்லை, தம்பி தேடி அலையவேண்டாம்.

தேக்கா_மணி | ஞாயிறு, இரவு 9.01

கொசுவுக்கு வைத்தியம் பார்த்து அனுப்புகிறோம். கடியை மட்டும் நாம் வாங்கிக்கொள்ளவேண்டும். நல்லா இருக்கு.

ஈசூன்காரன் | திங்கள், இரவு 10.30

மணி அண்ணே, சிரிப்பை அடக்க முடியவில்லை.

அக்காவுக்கு ஒரு பொறியாளர் சந்தேகம். வலைக்குள் படுத்தவனின் மூச்சும் உடல் சூடும் மேலேதானே கிளம்பும்? அப்படியானால் கொசு முதலில் கூரைப் பக்கம்தான் வரும். நாலு பக்கமும் மருந்தை வீணடிப்பானேன்?

கூம்புக்காரி | செவ்வாய், காலை 7.35

சரியாகப் பிடித்தீர்கள். லிவர்பூல் ஆய்வாளர்கள் அகச்சிவப்புக் கேமரா வைத்து இரவு முழுக்கப் படம் எடுத்துப் பார்த்தார்கள். கொசு பெரும்பாலும் வலையின் கூரையைத்தான் மோதுகிறது. ஒவ்வொரு மோதலும் நொடிக் கணக்குதான். பிபிஓ வலைகளில் ஒன்று பிபிஓவைக் கூரையில் மட்டும்தான் வைக்கிறது.

அதே குழு அடுத்து ஒன்று செய்தது. கூரைக்கு மேலே செங்குத்தாக ஒரு வலைத் தடுப்பை நிறுத்தியது, சேவல் கொண்டை மாதிரி. கூரையைச் சுற்றிப் பறக்கிற கொசு அதில் வந்து இடிக்கும். தூங்குபவரின் கையோ குழந்தையின் வாயோ அந்த உயரத்துக்கு எட்டாது. அதனால் படுக்கைப் பக்கம் வைக்க முடியாத வேறு குடும்பத்து மருந்தை அங்கே வைக்கலாம். புர்க்கினா ஃபாசோவில் சோதித்து 2020இல் எழுதினார்கள். பைரித்ராய்டுக்கு வெளியே போக இது ஒரு நல்ல வாசல் என்பது என் எண்ணம். தாழ்ந்த கூரை வீட்டில் கொண்டையை எங்கே நிறுத்துவது என்பதுதான் கேள்வி.

சரி, உங்களுக்கு நடைமுறை யோசனை. 38 வெள்ளி வலையை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள். அங்கே போய் வலையின் ஓரத்தில் தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள், மருந்தின் பெயர் இருக்கும். குளோர்ஃபெனாபிர் கிடைத்தால் அதை எடுங்கள். புது வலையை ஒரு நாள் நிழலில் விரித்துப் போட்டுவிட்டுக் கட்டுங்கள். வெயிலில் காயப் போடாதீர்கள், மருந்து சிதையும். சாதாரண சோப்பு போதும். மாத்திரையை விட்டுவிடாதீர்கள். ஃபுனெஸ்டஸ் விடிந்த பிறகும் கடிப்பதை பெனின், செனகல் கிராமங்களில் பார்த்திருக்கிறார்கள், காலையில் வலையை விட்டு வெளியே வந்ததும் அலட்சியமாக இருக்கவேண்டாம்.

ஈசூன்காரன் | ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 11.18

மவான்சாவிலிருந்து எழுதுகிறேன். நெட் இழுவையாக இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன்.

நிறுவன வீட்டில் கட்டியிருந்த வலையின் சீட்டு வெளுத்துப்போய் எழுத்தே தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்ததில் 'பெர்மெத்ரின்' மட்டும் படிக்க முடிந்தது. மதுரைக்காரர் சொன்னது சத்தியம். முதல் இரவு விழித்துப் பார்த்தேன், என் முகத்துக்கு நேர் மேலே கூரையில் மூன்று. பின்பக்கம் தூக்கி, தலை கீழாக நிற்கிற மாதிரி. மலேரியா பரப்பும் அனோபிலஸ் கொசு உட்காரும் விதம்தான் போல.

ஆலை மருத்துவப் பெண்மணியிடம் கேட்டேன். அவர் இரண்டு வாரத்தில் குளோர்ஃபெனாபிர் வலை ஒன்று வாங்கிக் கொடுத்தார். கட்டி இருபது நாள் ஆகிறது. முதல் சில நாள் காலையில் பெருக்கும்போது கட்டிலுக்கடியில் செத்த கொசு எதுவும் இல்லை, ஏமாற்றமாக இருந்தது. அப்புறம் 72 மணி நேரம் ஞாபகம் வந்தது. அவை சாவது வேறு எங்கேயோ இருக்கும்.

காவலாளியின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர்களிடமும் புது வகை வலைதான் இருக்கிறது, ஆனால் கால்மாட்டில் என் முஷ்டி போகிற அளவு கிழிசல். அடுப்புப் பொறி பட்டதாம். மூன்று பிள்ளைகள் அதற்குள். ஊசி என் பெட்டியிலேயே இருந்தது, தேசிய சேவைப் பழக்கம். அவர் மனைவியும் நானும் உட்கார்ந்து தைத்தோம். வெள்ளை நூல் கடையில் இல்லை, கறுப்பில் தைத்திருக்கிறோம். கடைசிப் பிள்ளை அதைச் சிலந்தி என்று சொல்லிக் கால்மாட்டில் படுக்க மாட்டேன் என்கிறான்.